டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாத அசதி

(பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்களும் தூய்மைப் பணியாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட அரங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் போன் செய்து கேட்டார்: "சாதி ஒழிப்புக் கூட்டத்துல ஆஸ்பத்திரி அசதியைப் பத்தி என்னம்மா பேசப்போற?" நியாயமான கேள்விதான். பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் "என்னால முடியல" என்று சொன்னால், அதை நோய் என்று நம்புவதா, சோம்பேறித்தனம் என்று ஏசுவதா? நம் ஊரில் இதை மருத்துவர் முடிவு செய்வதில்லை. அந்த ஆள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், யாரிடம் கூலி வாங்குகிறார் என்பதுதான் முடிவு செய்கிறது. பண்ணையார் வீட்டில் காய்ச்சல் வந்து எழுந்தவருக்கு "உடம்பு தேறட்டும்" என்பார்கள். சேரியில் அதே காய்ச்சல் வந்து எழுந்தவருக்கு "உடம்பு வணங்கல" என்பார்கள். அசதிக்கும் சாதி பார்க்கிற சமூகம் இது.

நெசவுக் குடும்பங்களில் பெருநோய்க்குப் பிந்தைய காலம் எப்படிக் கழிகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஐ.சி.யூ.வில் பத்து நாள், இருபது நாள் கிடந்து பிழைத்து வந்தவர்களைப் பார்த்துப் பேசி வருகிறேன். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இருப்பவர்கள், ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களின் காலனிகளில் இருந்துகொண்டு கூலிக்குப் பட்டு நெய்பவர்கள், தறியை விட்டுவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறுபவர்கள். கொரோனாவில் படுத்தவர் உண்டு. விபத்து, பாம்புக்கடி, பிரசவத்தில் ரத்தப்போக்கு, சர்க்கரையில் காலில் வந்த புண் ரத்தம் முழுக்கக் கிருமியானது என்று காரணங்கள் பல. வீட்டுக்கு வீடு கேட்கிற வாக்கியம் மட்டும் ஒன்றுதான்: "பொழைச்சுட்டாரு. ஆனா ஆளு பழைய ஆளு இல்ல."

களைப்பு என்றால் நமக்குத் தெரியும். நாள் முழுக்கத் தறி மிதித்தால் வரும், படுத்து எழுந்தால் போகும். இவர்கள் சொல்வது அது இல்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி இருக்கிறது என்கிறார்கள். ஒரு குடம் தண்ணீர் தூக்கிவிட்டு அரைநாள் படுக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். இதற்குத் தனிச்சொல் இல்லாததால் அடி வாங்கிய உடம்பின் மொழியைக் கடன் வாங்குகிறார்கள்: "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு." மருத்துவம் கொடுக்கிற விளக்கமும் இந்தச் சொல்லுக்கு வெகு அருகில்தான் வருகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது அப்படி ஒன்றும் பழைய ஏற்பாடு அல்ல. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சு நின்றுபோன குழந்தைகளுக்கு மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு உட்கார்ந்து, கையால் பை அமுக்கிக் காற்று கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்த பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர்தான் அடுத்த ஆண்டு அதே நகரில் இதற்கென்று ஒரு தனிப்பிரிவைத் தொடங்கினார். அதிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: ஆள் பிழைத்தாரா, இறந்தாரா? பிழைத்து வீடு போனவர் என்ன ஆனார் என்பது கணக்கில் வரவே நீண்ட காலம் ஆனது. உடல், மனம், நினைவு மூன்றிலும் தங்கிவிடுகிற இந்தப் பாதிப்புகளுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்று அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் கூடிப் பேசியது 2010இல். தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுதி என்று அதைத் தமிழில் சொல்லலாம். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பெயர் வந்தால்தான் படிவத்தில் ஒரு கட்டம் வரும், கட்டம் வந்தால்தான் காசு வரும். அரசாங்கம் இயங்கும் விதம் அது.

உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். தசை என்பது நம் உடம்பு சேர்த்து வைத்திருக்கிற சேமிப்பு. பெருநோய் வந்தால் உடம்பு அந்தச் சேமிப்பை உடைத்துத் தின்னத் தொடங்குகிறது. லண்டனில் ஜூடின் புதுச்சேரி என்ற மருத்துவரின் குழு ஐ.சி.யூ. நோயாளிகள் 63 பேரின் தொடையை ஸ்கேன் செய்து பார்த்து 2013இல் வெளியிட்டது. பத்தாவது நாளில் தொடையின் முன்தசை சராசரியாக 17.7 விழுக்காடு சுருங்கியிருந்தது. பத்தே நாளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு! ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இழப்பு இன்னும் கூடுதல். தசை மட்டும் இல்லை, தசைக்குப் போகிற நரம்புகளும் பழுதாகின்றன. வென்டிலேட்டரில் இருந்தால் மூச்சுக்கான உதரவிதானமும் வேலை இல்லாமல் மெலிகிறது. ஸ்டீராய்டு, மயக்க மருந்து, இரவு பகல் தெரியாத விளக்கு வெளிச்சம், அலாரம் சத்தத்தில் துண்டு துண்டான தூக்கம், ரத்தசோகை என்று எல்லாம் மேலே ஏறி உட்காருகின்றன.

கனடாவின் டொரண்டோவில் மார்கரெட் ஹெர்ரிட்ஜ் என்ற மருத்துவர், கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் எழுதினார். ஐ.சி.யூ.வை விட்டு வரும்போது தங்கள் எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தார்கள். ஆறு மாதத்துக்குள் நுரையீரல் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் ஓராண்டு கழித்து ஆறு நிமிடம் நடக்கச் சொன்னால், அந்த வயதுக்காரர் நடக்க வேண்டிய தூரத்தில் 66 விழுக்காடுதான் நடந்தார்கள். வேலைக்குத் திரும்பியிருந்தவர்கள் பாதிப்பேர். இத்தனைக்கும் இவர்கள் கிழவர்கள் அல்ல, நடுவயது 45. காசு கொடுக்காமல் மருத்துவம் கிடைக்கிற நாடு. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் நடைதூரம் 76 விழுக்காட்டில்தான் நின்றது.

இதை எதற்கு இவ்வளவு நிறுத்திச் சொல்கிறேன்? நம் ஆட்கள் திரும்ப மருத்துவமனைக்குப் போனால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள், "நெஞ்சு கிளியர்" என்கிறார்கள். ரத்தம் பார்க்கிறார்கள், "எல்லாம் நார்மல்" என்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டை வீட்டுக்காரரும் பார்க்கிறார், தறி கொடுத்த முதலாளியும் பார்க்கிறார். "ரிப்போர்ட்டே நல்லா இருக்குன்னு சொல்லுது, அப்புறம் என்ன உனக்கு?" நுரையீரல் நன்றாக இருந்தும் ஆள் எழுந்து நடக்க முடியாமல் இருக்கலாம் என்பது இருபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்த உண்மை. நம் தெருவுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது இதைக் குழித்தறியில் வைத்துப் பாருங்கள். இங்கே பாதிப்பேர் தறியில் உட்காருகிறவர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கிறார். பலகையை இழுத்து அடிக்கத் தோள் வேண்டும், மிதிக்கத் தொடை வேண்டும், மணிக்கணக்கில் நிமிர்ந்திருக்க இடுப்பு வேண்டும். பெருநோய் முதலில் தின்பதே தோளையும் இடுப்பையும் தொடையையும்தான். டொரண்டோக்காரர் ஆறு நிமிட நடையில் தோற்றார் என்றால், நம்மவர் குழியை விட்டு மேலே ஏறுவதில் தோற்கிறார்.

என் அம்மா அப்படித்தான் தோற்றார். 2021 மே மாதம் பதினாறு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாம் மாதம், "சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று தறியில் இறங்கினார். நாலு விரற்கடை நெய்தார். பிறகு கையை ஊன்றி எழப் பார்த்தால் எழ முடியவில்லை. கூப்பிடவும் கூச்சப்பட்டுக்கொண்டு, நான் தண்ணீர் பிடித்துவிட்டு வரும்வரை குழியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவில் ஓடிய பேச்சு என்ன தெரியுமா? "பொண்ணு டாக்டர் பட்டம் படிக்குது, இனி எதுக்கு நெய்யணும்னு உக்காந்துட்டா." சொன்னவர்கள் அந்நியர்கள் இல்லை, எங்கள் சாதிக்காரர்கள்தான். மேலே இருப்பவன் நம்மைப் பார்த்துச் சொன்ன வசவை நாமே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

அம்மாவுக்கு உடம்பு அசதியோடு வேறொன்றும் வந்தது. ஐ.சி.யூ.வில் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்டியிருந்திருக்கிறார்கள். அம்மாவின் நினைவில் அது வேறு மாதிரி பதிந்திருக்கிறது: ஊர்த்தெரு ஆட்கள் வந்து கையைக் கட்டிக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். பல மாதம் அந்தக் கனவு வந்தது. மருந்து மயக்கத்திலும் நோயின் உச்சத்திலும் வருகிற மனக்குழப்பம் என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள், ஐ.சி.யூ.வில் மிகச் சாதாரணமாக வருவது. மருந்து எல்லோருக்கும் ஒரே மருந்துதான். ஆனால் யாருக்கு எந்தப் பயம் கனவாக எழும்பும் என்பது அவரவர் வாழ்ந்த ஊரைப் பொறுத்தது போல.

மூளையும் களைக்கிறது. அமெரிக்காவில் 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஐ.சி.யூ.விலிருந்து வந்து மூன்று மாதம் ஆனவர்களில் பத்தில் நாலு பேருக்கு நினைவும் கவனமும் மிதமான தலைக்காயம் பட்டவர்களின் அளவுக்குக் குறைந்திருந்ததைக் காட்டியது. நெசவில் இதற்கு என்ன பொருள்? கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. பக்கத்தில் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுப்பவரோடு தாளம் பிசகக் கூடாது. எண்ணிக்கை ஒரு இழை தவறினால் புட்டாவில் தெரியும். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் முப்பது ஆண்டு நெய்தவர். செப்சிஸிலிருந்து எழுந்து வந்த பிறகு கணக்கு விட்டுப்போகிறது என்று கரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு நெய்கிறார். சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பழுது என்று கூலியில் பிடிக்கிறார்கள். அவர் எடுத்த வலி எதுவும் அந்தச் சீட்டில் இல்லை, பிடித்தம் மட்டும் இருக்கிறது.

பிடித்தத்தோடு முடிவதில்லை. முன்பணம் இருக்கிறது. கூலிக்கு நெய்யும் குடும்பம் பெரும்பாலும் முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் இருக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது இன்னும் ஏறும். சேலை இறங்காத மாதங்களில் கழியாது. ஆகவே தேறாத உடம்போடு தறிக்குப் போயாக வேண்டும். தேறாத உடம்போடு போனால் மெதுவாகத்தான் நெய்ய முடியும். மெதுவாக நெய்தால் கடன் அப்படியே நிற்கும். வட்டிக் கணக்கைவிடக் கொடுமையான வட்டம் இது. பெண்கள் படுத்தால் இன்னும் மோசம். தார் சுற்றுவதும் பாவு பார்ப்பதும் சமைப்பதும் கூலி என்று யாரும் எழுதி வைக்காததால், அவர்கள் வேலைக்குத் திரும்பிய தேதி என்றே ஒன்று கிடையாது. கண் திறந்த நாளிலிருந்தே வேலைதான். கணவர் படுத்த வீட்டில் மனைவி தறியிலும் உட்கார்ந்து, படுக்கைப் புண்ணும் துடைக்கிறார். அவருடைய அசதியை யார் அளப்பது?

சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் விட்டால் தோழர்கள் கோபித்துக்கொள்வீர்கள். நோய் விட்டு எழுந்தவருக்கு நம் ஊர் சொல்வது பத்தியம். கஞ்சி, ரசம் சாதம், இட்லி. "கவுச்சி ஆகாது, முட்டை சூடு, மாட்டுக்கறி கிரந்தி." தீவிர நோயிலிருந்து மீள்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 கிராமோ அதற்கு மேலோ புரதம் தேவை என்பது மருத்துவ வழிகாட்டுதல். 50 கிலோ ஆளுக்கு 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். பத்து முட்டையின் அளவு புரதம் தேவைப்படுகிற உடம்புக்கு ரசம் சாதம் ஊற்றுகிறோம்! இந்தப் பத்தியத்தை எழுதியவன் யார்? கறி தின்பதைத் தாழ்வென்று வைத்தவன்தானே? கருவாடு, முட்டை, மாட்டுக்கறி, கோழி, பயறு, வேர்க்கடலை எது கையில் கிடைக்கிறதோ அதைக் கொடுங்கள். நம் காலனிகளில் மலிவாகக் கிடைக்கிற நல்ல புரதம் மாட்டுக்கறி. கோயில் நகரம் என்பதற்காக அதை இங்கே மெல்லிய குரலில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: சிறுநீரகம் பழுதானவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், போகிற போக்கில். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியை 2021இல் எல்லோரும் வாங்கினோம். தோல் கருத்தவர்களுக்கு அது உள்ளதைவிட அதிகமாகக் காட்டி ஏமாற்றக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று எழுதியது. கறுப்பின நோயாளிகளிடம் மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவை அது வெள்ளையரிடம் தவறவிட்டதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிட்டிருந்தது. கருவிக்குச் சாதி தெரியாது என்பார்கள். கருவியை யாருடைய விரலில் வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. எண் நன்றாகத் தெரிந்தாலும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள்.

இனி அரசைப் பற்றி. முடியாதபோது உழைப்பாளிக்குக் கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1943இல், பேராசிரியர் அடார்கரிடம் தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுக்கான திட்டம் எழுதும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. 1944இல் அறிக்கை வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். நோயில் படுத்த தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. காசநோய், புற்றுநோய் போன்று பட்டியலிட்ட நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு, இரண்டாண்டு வரை. ஓய்வு என்பது தயவு அல்ல, சட்டப்படியான உரிமை என்று இந்த நாட்டில் எழுதப்பட்ட இடம் அது.

ஆனால் அந்தச் சட்டத்தின் வாசல் எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை, நிறுவனம் என்றுதான் அது தொடங்குகிறது. வீட்டுக்குள் குழி தோண்டித் தறி போட்டிருப்பவருக்கு அதில் இடமில்லை. ஒரகடத்தில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தம்பிக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், ஆனால் பங்களிப்பு நாள் கணக்கு இடையில் உடைந்தால் நோய்க்காலக் கூலி கைக்கு வராது. கைத்தறி நெசவாளர்களுக்கென்று மாநிலத்தில் தனி நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, கண்ணாடி, இறப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை தருகிறது. செத்தால் பணம் உண்டு, கிழவரானால் பணம் உண்டு. பிழைத்து எழுந்து தறிக்குத் திரும்புகிற வரையிலான அந்த ஆறு மாதத்துக்கு?

தமிழ்நாட்டு மருத்துவத் திட்டங்களை நான் குறைத்துப் பேச வரவில்லை. 2009இல் கலைஞர் தொடங்கி இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக இருப்பதால்தான், ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று, நம்மில் பலர் ஐ.சி.யூ. வாசலையே பார்த்தோம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டம் விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. உயிரைக் காப்பாற்றுவதில் இந்த மாநிலம் பெரிய வேலை செய்திருக்கிறது. என் கேள்வி 49ஆவது மணி நேரத்தைப் பற்றியது, 49ஆவது நாளைப் பற்றியது. 2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அது செய்தியானது, ஆக வேண்டியதும்தான். அதே மாதங்களில் பிழைத்து ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் "குணமடைந்தோர்" என்ற எண்ணுக்குள் போய் மறைந்தார்கள்.

இருக்கிற ஒரு கதவைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை மட்டும் தருவதில்லை. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் அதில் உண்டு. பக்கவாதக்காரருக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐ.சி.யூ.விலிருந்து வந்தவருக்கும் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், "இவருக்குத் தொடை, தோள் தசை போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். இத்தகைய பயிற்சிக்கு என்ன பலன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வென்டிலேட்டரில் இருக்கும்போதே மயக்க மருந்தைத் தினமும் சற்று நிறுத்தி, கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்து, உட்கார வைத்தவர்களில் 59 விழுக்காட்டினர் தம் வேலையைத் தாமே செய்யும் நிலையில் மருத்துவமனையை விட்டுப் போனார்கள். அப்படிச் செய்யாதவர்களில் 35 விழுக்காட்டினர். அமெரிக்காவில் 104 நோயாளிகளிடம் செய்து 2009இல் வெளியானது. மருந்து புதிதில்லை, இயந்திரம் புதிதில்லை. ஆட்கள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்கள் என்றதும் நம் தோழர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஐ.சி.யூ.வில் நோயாளியைப் புரட்டிப் போடுவது யார்? மலம் துடைப்பது, துணி மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் தூக்கிப் பிடிப்பது யார்? ஒப்பந்தத்தில் எடுத்த தூய்மைப் பணியாளர்களும் வார்டு உதவியாளர்களும். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதி என்று இந்த அரங்கில் சொல்ல வேண்டியதில்லை. மீட்சி என்று மருத்துவ நூல் சொல்வதில் பாதி இவர்கள் கையில் நடக்கிறது. இவர்களே நோயில் விழுந்து எழுந்தால், பத்தாம் நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்ததாரர் வேறு ஆளை எடுத்துக்கொள்வார். நோயாளிக்கு ஓய்வு கேட்கிற நாம் இவர்களின் பணி நிரந்தரத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கை.

கொஞ்சம் நம் பக்கமும் திரும்பிக்கொள்கிறேன், சில தோழர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டு வெளியேறிய பெரியார், 94 வயதில், சிறுநீர்க் குழாயோடும் வலியோடும் 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் பேசினார். 24ஆம் தேதி இறந்தார். இந்த ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு நவம்பரில் திரும்பினார். 1969 ஜனவரி 14 பொங்கலன்று கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைத் திறந்து வைத்தார். பிப்ரவரி 3 அன்று இறந்தார். இவற்றை நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான், எனக்கும் பெருமைதான். ஆனால் அதையே அளவுகோலாக்கி, ஐ.சி.யூ.விலிருந்து வந்த கிளைச் செயலாளரைப் பார்த்து "பெரியார் மூத்திரப் பையோட வந்தாரு, உன்னால தெருமுனைக் கூட்டத்துக்கு வர முடியாதா?" என்று ஒரு தோழர் கேட்டதை நான் நேரில் பார்த்தேன். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தச் செயலாளர் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். முதலாளி சொல்கிற "சோம்பேறி"யும் நாம் சொல்கிற "உணர்வு குறைஞ்சு போச்சு"ம் காதில் விழும்போது ஒன்றுபோலத்தான் விழும்.

கடைசியாக, வீட்டில் செய்யக்கூடியவை. ஆள் ஐ.சி.யூ.வில் இருக்கும்போதே ஒரு நோட்டு வாங்கி, அன்றன்று என்ன நடந்தது, யார் வந்தார்கள், எதற்குக் கையைக் கட்டினார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் செவிலியர்கள் இதை வழக்கமாகவே செய்கிறார்கள். பிறகு கெட்ட கனவு வரும்போது அதைப் படித்துக் காட்டினால் எது நடந்தது, எது மயக்கம் என்று பிரித்துக்கொள்ள உதவும். டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டோடு, எப்போது எவ்வளவு நடக்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், எப்போது வேலைக்குப் போகலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாளியிடம் காட்ட ஒரு தாள் இருக்கும். பயிற்சியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முழுதாகக் களைத்து விழும்வரை போகாமல் அதற்கு முன்பே நிறுத்துங்கள். கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு, இன்று அதிகமாக உழைத்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ அசதி இரண்டு மடங்காக வந்து படுக்க வைத்துவிடுகிறது. அவர்களை "வேர்க்க வேர்க்க நட, சரியாயிடும்" என்று விரட்டாதீர்கள். தறியில் முதலில் கால் மணி நேரம், குழிக்கு மேலே பிடித்து எழ ஒரு கயிறு. என் அம்மாவுக்கு விட்டத்திலிருந்து அப்படித்தான் ஒரு கயிறு கட்டினோம். ஒன்பதாவது மாதம் கயிறு இல்லாமல் ஏறினார். முழுச்சேலை நெய்யப் பதினான்கு மாதம் ஆனது, அதுவும் கோர்வை இல்லாத சேலை.

டிஸ்சார்ஜ் நாளில் கேட்க வேண்டியவற்றை ஒரு பக்கத் தாளாக அச்சிட்டுக் கதவருகே மேசையில் வைத்திருக்கிறோம். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்ட மாணவத் தோழர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் ஐ.சி.யூ.விலிருந்து வந்து வீட்டோடு கிடப்பவர் யாராவது இருந்தால், தெருப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேராக வந்து பார்க்கிறோம், சுகாதார நிலையத்தில் பதிவு செய்யக் கூடவே போகிறோம். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.